சனிக்கிழமைக்குள் பிடிபட வேண்டிய பழுது

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி, மாசி மாதம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வவுணதீவைத் தாண்டி உள்ளே கிடக்கும் ஒரு ஊரில் நாங்கள் குடியிருந்தோம். எங்கள் பக்கம் ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. பாலத்திலிருந்து அந்தப் பக்கம் ஆமியின், அரச இராணுவத்தின், கட்டுப்பாடு. என்னிடம் ஒரு பழைய லொறி இருந்தது. வெள்ளாமை வெட்டுகிற அறுவடைக் காலத்தில், வட்டை என்கிற வயல்வெளியிலிருந்து நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடந்து மில்லுக்குப் போவேன். மூட்டைகளுக்கு மேலே டவுனுக்குப் போகிற சனமும் ஏறிக்கொள்ளும். பஸ் கிடையாது, வேறு வழியும் கிடையாது.

அந்த வருடம் வெட்டுத் தொடங்குவதற்கு முன்பே லொறிக்குச் சீக்குப் பிடித்துவிட்டது. ஓரிடத்தில் நிறுத்தி இஞ்சினைச் சும்மா ஓடவிட்டால் குளிர்காய்ச்சல்காரன் மாதிரி உதறும். கறுப்புப் புகை கக்கும். கொஞ்சம் ஏற்றம் வந்தால் இழுவை இருக்காது. ஏறாவூரில் கராஜ் வைத்திருந்த ஒரு முஸ்லிம் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. அவருக்கு முப்பதுகூட ஆகியிருக்காது. ஆனால் டீசல் இஞ்சின் என்றால் அந்தப் பொடியனைப்போல் கை யாருக்கும் வராது என்று பெயர். டீசல் பம்பையும் இன்ஜெக்டர்களையும் கழற்றி, ரெண்டு நாள் வைத்து, சரிசெய்து தந்தார். லொறி தையல் மெசின் மாதிரிச் சத்தம் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தது. நாலைந்து நாள் சொன்ன சொல் கேட்டது. மண்டூருக்குக்கூட ஒரு நடை போய் வந்தேன்.

அதற்குப் பிறகுதான் வினை தொடங்கியது. வீட்டிலிருந்து எடுத்தால் இருபது நிமிடம் நன்றாக ஓடும். பிறகு மெல்ல மெல்ல இழுவை குறையும், உதறும், நின்றுவிடும். அரை மணித்தியாலம் கழித்து ஸ்டார்ட் பண்ணினால் ஒன்றுமே நடக்காத மாதிரி எடுக்கும். பில்டரை மாற்றிப் பார்த்தேன். குழாய்களைக் கழற்றி ஊதிப் பார்த்தேன். டாங்கிக்குள் தடிவிட்டுப் பார்த்தால் டீசல் போதிய அளவு இருக்கும். எனக்குத் தெரிந்த வித்தை எல்லாம் அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை காலை, நெல்லோடும் ஒன்பது பத்துச் சனத்தோடும் புறப்பட்டேன். அதில் ஒரு பெண் பச்சைக் குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பாலத்து முனையில் இருந்த ஆமியின் முதல் காவல் சென்றியில் போக்குவரத்து அனுமதிப் பாஸைப் பார்த்துவிட்டு எங்களைப் போகச் சொன்னார்கள். பாலத்தில் எக்காரணம் கொண்டும் வாகனத்தை நிறுத்தக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்த சட்டம். சரியாகப் பாலத்தின் நடுவில் லொறி உதறத் தொடங்கியது. நான் அக்சிலேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடித்தேன். இஞ்சின் ரெண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிட்டது.

முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் கத்தும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு வெடி, மேலே பார்த்துச் சுட்டதுதான். ஆனால் எங்களுக்கு அது எப்படித் தெரியும்? மேலிருந்த சனமெல்லாம் மூட்டைகளோடு ஒட்டிப் படுத்துவிட்டது. நான் ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு இறங்கினேன். எனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லில் இஞ்சின் பழுது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். எல்லாரையும் இறக்கி வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். லொறிக்குக் கீழே படுத்துத் தேடினார்கள். டாங்கியைத் திறக்கச் சொன்னார்கள், திறந்து காட்டினேன். முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு, ஸ்டார்ட் பண்ணு பார்ப்போம் என்றார்கள். முதல் அடியிலேயே எடுத்தது. துவக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற சிப்பாய் என்னைப் பார்த்த பார்வை, நான் நடிக்கிறேன் என்று சொல்லிற்று. அடுத்த முறை சும்மா விடமாட்டோம் என்று எச்சரித்துத்தான் போகவிட்டார்கள்.

அந்தக் குழந்தை வழி முழுக்க அழுதது. அந்தப் பெண் என்னிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

நெல்லை இறக்கிவிட்டு ஊருக்குத் திரும்பியதும் நேரே சந்தித் தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். எனக்குள் பயம் இருந்தது, வெட்கம் இருந்தது. ரெண்டையும் கோபமாக்கி வெளியே கொட்டினேன். பழுது தொடங்கியது அந்த மெக்கானிக் கைவைத்த பிறகுதான் என்றேன். நல்ல பம்பைக் கழற்றிவிட்டுக் கழிவுப் பம்பைப் போட்டிருப்பான் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கேட்டுக்கொண்டிருந்தவர்களின் முகத்தைப் பார்த்ததும் இன்னும் சொல்ல வேண்டும் போல இருந்தது.

"வேணுமெண்டுதான் செய்திரிக்கான். எங்கட சனம் பாலத்தில நிண்டு சாகட்டும் எண்டுதான்."

அது எப்படிப்பட்ட காலம் என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். தமிழ்ச் சனத்துக்கும் முஸ்லிம் சனத்துக்கும் இடையில் நடக்கக்கூடாதவை எல்லாம் நடந்து முடிந்து, காயம் ஆறாமல் இருந்த நேரம். ஆனாலும் அந்த மெக்கானிக் வெட்டுக் காலத்தில் கிழமைக்கு ஒரு நாள், சனிக்கிழமையில், பாஸ் எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்து சூடடிக்கிற உழவு மெசின்களைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போவார். அவர் வராவிட்டால் எத்தனையோ பேரின் நெல் வட்டையிலேயே கிடந்து முளைத்திருக்கும்.

புதன்கிழமை காலை ஒரு மோட்டார் சைக்கிள் எங்கள் வாசலில் வந்து நின்றது. வந்தவர் எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த இயக்கக்காரர். ஒல்லியான ஆள், அமைதியாகக் கதைப்பார். நான் கதிரை போட்டேன், அவர் உட்காரவில்லை. பாலத்தில் நடந்ததை விசாரித்தார். மெக்கானிக் யார், எவ்வளவு காலப் பழக்கம் என்று கேட்டார். அவருக்கு எல்லாம் முன்னமே தெரியும் என்பது கேள்விகளிலேயே தெரிந்தது.

"சனிக்கிழமை வருவார்தானே ஐயா. நாங்க கதைச்சுக்கொள்ளுறம்" என்றார்.

அவ்வளவுதான். மோட்டார் சைக்கிள் போய்விட்டது. அந்தக் 'கதைச்சுக்கொள்ளுறம்' என்ற சொல் மட்டும் முற்றத்தில் நின்றது. கூட்டிக்கொண்டு போய்க் கதைக்கப்பட்டவர்களில் எல்லாரும் திரும்பி வந்ததில்லை.

என் மனைவி உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வெளியே வந்து, அந்த மெக்கானிக்குக்கு ரெண்டு சின்னப் பிள்ளைகள் இருப்பதாக நீங்கள்தானே சொன்னீர்கள் என்றாள்.

"அவர் பிழை செய்தத நீங்க கண்டீங்களா?" என்று கேட்டாள். "காணாததை என்னத்துக்குப் பறைஞ்சீங்க?"

அன்று பகல் லொறிக்குப் பக்கத்திலேயே இருந்தேன். இயக்கக்காரரிடம் போய், சும்மா கோபத்தில் சொல்லிவிட்டேன் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். பயந்துபோய்க் கதையை மாற்றுகிறேன் என்றுதான் நினைப்பார். வேறு பதில் என்னிடம் இருக்க வேண்டும். அது லொறிக்குள்தான் இருந்தது, ஆனால் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வியாழன் விடிந்ததும் சைக்கிளை எடுத்தேன். லொறியில் போனால் மறுபடி பாலத்தில் நின்றுவிடும் என்ற பயம். பாலத்தில் இறங்கி உருட்டி, சோதனை முடித்து, டவுனுக்குள்ளால் ஏறாவூருக்கு மிதித்தேன். கராஜ் போய்ச் சேரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு வேனுக்குக் கீழே படுத்திருந்த மெக்கானிக், என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார். லொறி எப்படி என்று கேட்டார். பக்கத்துக் கடையில் ரெண்டு பேருக்கும் பிளேன்டீ சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு விசயத்தைச் சொல்வதுதான் என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கஷ்டமான வேலை.

எல்லாவற்றையும் சொன்னேன். பாலத்தில் நடந்தது, கடையில் நான் சொன்னது சொன்னபடியே, புதன்கிழமை வந்தவர், அவர் சொன்ன சொல். கடைசியில், சனிக்கிழமை தயவுசெய்து வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

அவர் கையில் எண்ணெய் இல்லாத இடத்தையெல்லாம் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். என்னை அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

"நீங்க அங்க சொன்ன மாதிரி ஒரு கதைய நானும் இஞ்ச சொன்னா, இந்த ரோட்டால நீங்க வீடு போய்ச் சேர ஏலாது அண்ணன்" என்றார். "நான் சொல்ல மாட்டன். இப்ப லொறிட கதையச் சொல்லுங்க."

அப்படியே உட்கார்ந்து, டாக்குத்தர் நோயாளியைக் கேட்கிற மாதிரிக் கேட்கத் தொடங்கினார். கராஜிலிருந்து போய் எத்தனை நாள் நன்றாக ஓடியது? நாலைந்து நாள் என்றேன். நின்ற பிறகு எவ்வளவு நேரத்தில் திரும்ப எடுக்கிறது? அரை மணித்தியாலம். கறுப்புப் புகை வருகிறதா? இல்லை. அப்படியென்றால் டீசல் கூடிப் போகவில்லை, போதாமல்தான் நிற்கிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, அந்த அரை மணித்தியாலம் நான் என்ன செய்வேன் என்று கேட்டார்.

டாங்கியைத் திறந்து தடிவிட்டுப் பார்ப்பேன் என்றேன்.

"ஒவ்வொருக்காவுமா?"

ஓம் என்றேன். பாலத்தில்கூட ஆமிதான் திறக்கச் சொன்னது என்றேன். அவர் தேத்தண்ணிக் கிளாசைக் கீழே வைத்துவிட்டார்.

"டாங்கிக்கு இப்ப என்ன மூடி போட்டிரிக்கீங்க?"

அப்போதுதான் சொன்னேன். மண்டூர் போய்வந்த அடுத்த நாள், பிளாஸ்டிக் கானிலிருந்து டீசல் ஊற்றிவிட்டு மூடியைப் பூட்ட மறந்து ஓடியதில் அது எங்கேயோ விழுந்துவிட்டது. எங்கள் பக்கம் டீசல் தங்கத்தைப்போல. ஆவியாகி ஒரு சொட்டும் போகக் கூடாது, தூசியும் விழக் கூடாது என்று, பால்மா வந்த தகரப் பேணியின் பிளாஸ்டிக் மூடியை வைத்து, அதற்கு மேலே பொலித்தீன் சொப்பிங் பேக்கை ரெண்டு மூன்று மடிப்பாகப் போட்டு, சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிச் சுற்றிக் கட்டியிருந்தேன். காற்றுக்கூடப் போகாது என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். சொன்ன பிறகும் எனக்கு விளங்கவில்லை.

அவர் ஒரு வெறும் சோடாப் போத்தலை எடுத்து என் கையில் தந்து, வாயில் வைத்து உறிஞ்சச் சொன்னார். உறிஞ்சினேன். கொஞ்சம் வந்தது, பிறகு வரவில்லை. போத்தல் உதட்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. டாங்கியிலிருந்து டீசல் போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும், லொறியின் சொந்த மூடியில் அதற்கென்று ஊசித்துளை இருக்கும், நான் அதை அடைத்துவிட்டேன் என்று சொன்னார். பம்ப் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டுவிடுகிறது. மூடியைத் திறந்ததும் காற்று ஏறி எல்லாம் சரியாகிவிடுகிறது.

"நிண்ட உடனே திறந்து பாருங்க. காத்து உள்ளுக்கு இழுக்கிற சத்தம் கேட்டா என்ட வேலையில பிழையில்ல. கேக்காட்டி, நான் வந்து பாக்கத்தான் வேணும்."

வரவேண்டாம் என்றுதானே சொன்னேன் என்றேன். எங்கள் ஊரில் மூன்று பேரின் மெசின் கழற்றியபடி கிடக்கிறது, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன், சனிக்கிழமை பாலத்துக்கு ஒன்பது மணிக்கு வருவேன் என்றார். பயமில்லையா என்று நான் கேட்கவில்லை. துணி இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

பின்நேரம் மூன்று மணிபோல வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். முற்றத்துக் கதிரையில் அந்த இயக்கக்காரர் உட்கார்ந்திருந்தார். என் மனைவி குசினி வாசலில் கற்சிலை மாதிரி நின்றாள்.

"ஏறாவூருக்குப் போயிட்டு வாறீங்க போல" என்றார்.

பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஓம், போனேன், பிழை என்னுடையதாக இருக்கலாம், நிச்சயமாகத் தெரியவில்லை, லொறியை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று விளக்கினேன். யாரும் வெருட்டி இப்படிச் சொல்லச் சொன்னார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு எழும்பி, லொறியின் இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

டாங்கி வாய் கட்டியது கட்டியபடியே இருந்தது. வட்டைப் பாதையால் லொறியை எடுத்தேன். பத்து நிமிடம் போனது, இருபது நிமிடம் போனது. லொறி கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி அழகாக ஓடியது. இருபத்தைந்து நிமிடம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நின்றுவிடு, தயவுசெய்து நின்றுவிடு என்று மண்டூர் முருகனைக் கும்பிட்டேன். தன் வண்டி நின்றுபோக வேண்டும் என்று நேர்ந்துகொண்ட டிரைவர் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

முப்பது நிமிடம் தாண்டியதும்தான் மண்டையில் உறைத்தது. லொறி வெறுமையாக ஓடுகிறது! நெல் மூட்டை இல்லை, சனம் இல்லை. பாரம் இல்லாத லொறி டீசலை மெதுவாகத்தான் குடிக்கும், அதனால்தான் நேரம் எடுக்கிறது. அதை அவரிடம் சொன்னேன். குளக்கட்டுக்கு ஏறுகிற மணல் பாதையில் திருப்பி, சின்னக் கியரைப் போட்டு, அக்சிலேட்டரை அழுத்திப் பிடித்தேன். ஒருமுறை ஏறி இறங்கினேன். ரெண்டாம் முறை பாதி ஏற்றத்தில் ஸ்டியரிங் என் கைக்குள் நடுங்கியது. இழுவை போனது. இஞ்சின் ரெண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

நான் குதித்து இறங்கினேன். நீங்களே அவிழ்த்துப் பாருங்கள் என்று அவரைக் கூப்பிட்டேன். அவர் குனிந்தார். சொப்பிங் பேக் உள்பக்கமாகக் குழிந்து, சாப்பாடில்லாதவன் வயிறு மாதிரி ஒட்டிப்போயிருந்தது. டியூபை அவிழ்த்து மூடியை நெம்பினார். உஸ்ஸென்று ஒரு நீண்ட சத்தம். அவர் திடுக்கிட்டு ஒரு அடி பின்னால் போய்விட்டார். சத்தம் ஓய்ந்ததும் நான் ஏறி ஸ்டார்ட் பண்ணினேன். முதல் அடியில் எடுத்தது. மூடியில்லாமலே ரெண்டு தரம் குளக்கட்டில் ஏறி இறங்கினோம். உதறவில்லை, நிற்கவில்லை.

வண்டியை நிறுத்திவிட்டு வரம்பில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. அவர் எதிரே நின்று அந்த மா பேணி மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் உள்ளுக்குள் ஒரு பாரம் இறங்கியதோ என்னவோ, எனக்குத் தெரியாது. ஆனால் குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

"ஐயா, எந்தக் கடையில நிண்டு சொன்னீங்களோ, அந்தக் கடையில நிண்டே மாத்திச் சொல்லுங்க" என்றார். "அவர் வந்து வேலையப் பாத்துட்டுப் போகட்டும்."

அன்று பின்னேரமே போனேன். முதல் தரம் சொன்னபோது கூட்டமாக நின்று கேட்டவர்கள், இப்போது தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போகப் பார்த்தார்கள். ஒருவரையும் விடவில்லை. பிழை என்னுடையது, பாலத்தில் உங்களையெல்லாம் சாகக் கொடுக்கப் பார்த்தது என்னுடைய சொப்பிங் பேக் என்று ஒவ்வொருவரையும் பிடித்து வைத்துச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர், இப்படி ஒரு மடையன் லொறியிலா இவ்வளவு காலம் ஏறினோம் என்றார். அந்தச் சொல் எனக்குச் சர்க்கரை மாதிரி இனித்தது. குழந்தையோடு வந்த பெண்ணின் வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று அவள் சொன்னாள்.

சனிக்கிழமை எட்டரை மணிக்கே பாலத்தடியில் போய் நின்றேன். ஒன்பது மணிக்கு மெக்கானிக் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். ஏதும் கேட்காமல் என் முகத்தைப் பார்த்தார். காற்று இழுத்தது என்றேன். அவர் ஒரு பெரிய மூச்சு விட்டார், அவ்வளவுதான். ஊர் பார்க்கட்டும் என்று சந்திக்குள்ளால் ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் சைக்கிள் மிதித்துப் போனோம். மூன்று மெசினையும் முடித்துவிட்டு மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். என் மனைவி வாவி மீனில் குழம்பு வைத்திருந்தாள். புறப்படும்போது பையிலிருந்து ஒரு பழைய லொறி மூடியை எடுத்து, துளையை வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டிவிட்டு, அவரே டாங்கியில் பூட்டினார். பின்னேரம் நாலு மணிக்கு முன்னம் அவர் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய் மறையும்வரை நான் சென்றிக்கு இப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பெருநாளைக்கும் பொங்கலுக்கும் நாங்கள் டெலிபோனில் கதைத்துக்கொள்வோம். அந்தக் கிழமையைப் பற்றி அவர் ஒருநாளும் எடுத்ததில்லை. நானாக எடுக்கவும் எனக்கு வாய் வந்ததில்லை. அவரைக் காப்பாற்றினேன் என்று சிலர் சொல்வார்கள். அப்படியில்லை. ஒரு மனிதனுடைய உயிரை ஒரு கிளாஸ் தேத்தண்ணி ஆறுவதற்குள் என் வாயாலேயே வெளியே வைத்துவிட்டு, அது பறிபோவதற்கு முன் எப்படியோ திரும்ப எடுத்துவைக்க எனக்கு மூன்று நாள் கிடைத்தது. அந்த மூன்று நாள் கிடைக்காமல் போனவர்கள் அந்தக் காலத்தில் எத்தனை பேர் என்று நினைக்கும்போதெல்லாம், இவர் வீடு போய்ச் சேர்ந்தார் என்ற ஒன்றே எனக்கு இன்றைக்கும் நித்திரை தருகிறது.